பால்பவுடர் டப்பாவில் அளந்த மழை

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. அதன் எந்த முனையில் நின்று பார்த்தாலும் ஏரி தெரியாது. மருந்துக்கடை தெரியும், மாவு மில் தெரியும், பால்கனிகளில் காயும் துணி தெரியும். வெளியூரிலிருந்து முதல் தடவை வரும் உறவினர்கள் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு, "ஏரி எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். அப்பா ரயில்வே லைன் இருக்கும் திசையில் கையைக் காட்டுவார். "சாயங்காலம் பாண்டி பஜாருக்குப் புடவை எடுக்கப் போறீங்களே, அப்ப பாருங்க. ஏரிக்குள்ளதான் கடை எல்லாம்." அவர்கள் சிரிப்பார்கள். அப்பா சிரிக்க மாட்டார்.

அந்த ஏரிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் லாங் டேங்க். பழைய சென்னை வரைபடங்களில் மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, வடக்கில் நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கில் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாக வளைந்து கிடக்கும். வடபாதி நுங்கம்பாக்கம் ஏரி, தென்பாதி மாம்பலம் ஏரி. 1920களின் முதல் பாதியில் நகரத்துக்கு இடம் போதவில்லை என்று மாம்பலம் ஏரியை வற்றவிட்டு மனை போட்டார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. 1925இல் காலமான பிட்டி தியாகராய செட்டியாரின் பெயர் புதிய நகருக்கு வந்தது. நடுவில் பனகல் ராஜா பெயரில் பூங்கா. சுற்றிலும் உஸ்மான் சாலை, டாக்டர் நாயர் சாலை, நடேசன் பூங்கா. ஒரு கட்சியின் வருகைப் பதிவேட்டையே ஏரித்தரையில் எழுதிவைத்த மாதிரி. ஏரி என்ற சொல் மட்டும் அதன் ஓரங்களில் ஒட்டிக்கொண்டது. எங்கள் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு.

இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தது நாற்பது வயதுக்கு மேல். அதற்கு முன் எனக்குத் தெரிந்த ஏரி, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் இருந்த ஒரு பால்பவுடர் டப்பா.

நான் 1967இல் பிறந்தவன். எனக்குக் கரைத்துக் கொடுத்த பால்பவுடரின் டப்பா அது. காலியானதும் அம்மா துவரம்பருப்பு போட்டு வைக்க எடுத்துக்கொண்டார். அப்பா கேட்டு வாங்கிக்கொண்டாராம். அடுத்த மழைக்காலத்தில் அதை மாடியில் செங்கல்லுக்கு நடுவே நிறுத்தி, காலை எட்டரை மணிக்கு உள்ளே மர ஸ்கேலை விட்டு அளக்க ஆரம்பித்தார். அளந்ததை அந்த வருட டைரியில் குறித்தார். ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். எட்டு ஐம்பது ரயிலைப் பிடிக்க வேண்டும். சட்டையில் பாதிப் பொத்தான் போட்ட நிலையில், ஒரு கையில் குடை, ஒரு கையில் ஸ்கேல், காதில் பென்சில் என்று படியேறுவார்.

ஏன் எட்டரை என்று கேட்டதற்கு, "நுங்கம்பாக்கத்திலயும் எட்டரைக்குத்தாண்டா எடுப்பாங்க" என்றார். வானிலை ஆய்வு மையம் நேற்றுக் காலை எட்டரை முதல் இன்று காலை எட்டரை வரை பெய்ததை ஒரு நாள் மழையாகக் கணக்கு வைக்கிறது. மறுநாள் பேப்பரில் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் இரண்டுக்கும் அளவு வரும். அப்பா எங்கள் மாடிக் கணக்கை அதற்குப் பக்கத்தில் எழுதிக்கொள்வார். "நுங்கம்பாக்கத்த முந்திட்டோம்" என்று சில நாள். "மீனம்பாக்கத்துல கொட்டித் தீத்திருக்கான், நமக்கு ஒண்ணும் இல்ல" என்று சில நாள். கிரிக்கெட்டில் அவருக்கு ஈடுபாடு கிடையாது. இதுதான் அவருக்கு ஸ்கோர்.

டப்பா எதற்கு, பாட்டில் போதாதா என்று நினைக்கலாம். போதாது. மழையளவு என்பது ஆழம், அவ்வளவுதான். விழுந்த நீர் ஓடாமல், உறிஞ்சப்படாமல், அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதுதான் கணக்கு. வாய் அகலமாக இருந்தாலும் குறுகலாக இருந்தாலும் ஒன்றுதான். ஆனால் பாத்திரம் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். கழுத்துள்ள பாட்டில் பொய் சொல்லும். பால்பவுடர் டப்பா சொல்லாது. மாடிக் காற்று துளிகளை அடித்துக்கொண்டு போவதால் எங்கள் கணக்கு எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் வந்திருக்கும். உண்மையான மழைமானியைத் திறந்தவெளியில் தரைக்கு அருகே வைப்பது அதற்காகத்தான். அப்பாவுக்கும் இது தெரியும். தரையில் வைத்தால் பூனை குடித்துவிடுகிறது என்பார்.

அவர் தன்னை ஒப்பிட்டுக்கொண்ட நுங்கம்பாக்கம் சாதாரண இடமல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் அங்கே ஒரு வானாய்வகம் கட்டியது. அதற்கு முன் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் சொந்தமாக ஒன்று வைத்திருந்தார். அந்தக் கருவிகளிலிருந்து தொடங்கிய வேலை இது. கப்பல்கள் திசையும் நேரமும் தப்பாமல் போவதற்காக நட்சத்திரம் பார்க்கக் கட்டிய இடம். ஆனால் நட்சத்திரம் பார்க்க வந்தவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் மெட்ராஸ் வானத்தில் என்ன தெரியும்? மேகம்தான். ஜான் கோல்டிங்ஹாம் 1796இலிருந்து வானிலைக் குறிப்புகளை எழுதத் தொடங்கினார். இந்த நகரத்தின் மழைக்கு இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட கணக்கு இருக்கிறது என்றால் அவர் அன்று திறந்த பதிவேடு ஒரு காரணம். நட்சத்திர வேலை 1899இல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. மழை வேலை இங்கேயே தங்கிவிட்டது. முதல் ஆய்வகத்தின் கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டுகளோடு, கல்லூரிச் சாலை வளாகத்தில் இன்னும் நிற்கிறது. அந்த ஆய்வகம் கட்டப்பட்டபோது லாங் டேங்க் ததும்பிக்கொண்டிருந்த ஏரி. கோல்டிங்ஹாம் ஏடுகளில் எழுதிய மழையில் ஒரு பங்கு அதற்குள்தான் போயிருக்கும்.

அப்பாவின் டைரியில் மழைக்குப் பக்கத்தில் வேறு சிலவும் இருக்கும். ஒரு வரிக்கு மேல் எழுத மாட்டார். "தட்டான் வந்தாச்சு." "ராத்திரி ஈசல்." "கிணத்துல ஆறு உறை தெரியுது." "மரமல்லி, தெரு முழுக்க." இந்தப் பட்டியலை அவர் ரசனைக் குறிப்பாக எழுதவில்லை, கணக்காகத்தான் எழுதினார். ஆனால் எனக்கு மழைக்காலம் என்றால் எது என்று சொல்லிக்கொடுத்தது அந்த வரிகள்தான்.

தட்டான் முதலில் வரும். அக்டோபர் பிறந்ததும் ஒரு சாயங்காலம், தெரு விளக்கின் உயரத்துக்கும் கீழே, நூற்றுக்கணக்கில், கூட்டமாக அந்தரத்தில் நிற்பதுபோல் பறக்கும். தாழப் பறந்தால் மழை வரும் என்று கிழவிகள் சொல்வார்கள். நாங்கள் வால் பிடித்து நூல் கட்டினோம். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பொன்னிறத் தும்பிகளுக்கு மழை விட்டுப்போகும் குட்டைதான் பிரசவ அறை. குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து பறந்துவிட வேண்டும். 2009இல் சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர், ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் மாலத்தீவில் வந்திறங்கும் தும்பிகளைப் பல வருடம் கவனித்து, அவை இந்தியாவிலிருந்து கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று எழுதினார். படித்தபோது எனக்குக் கொஞ்சம் நேரம் பேச்சு வரவில்லை. நாங்கள் நூல் கட்டியது ஆப்பிரிக்கா போகும் வழிப்போக்கனுக்கு.

அடுத்தது ஈசல். நல்ல மழை பெய்து விட்ட இரவு, டியூப் லைட்டைச் சுற்றி மொய்க்கும். அம்மா எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு விளக்கின் கீழ் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைப்பார். அந்த ஒரு விளக்கு எரியும் அறையில் உட்கார்ந்து நாங்கள் சாப்பிட்டதில்லை. இருட்டான மற்ற அறையில், ஜன்னல் வழியாக வரும் வெளிச்சத்தில், மிளகு ரசமும் சுட்ட அப்பளமும். மின்வெட்டு இல்லாமலே கிடைத்த மின்வெட்டு. காலையில் வாசலில் இறக்கை மட்டும் குவிந்திருக்கும். பெருக்கினால் பெருக்குமாறுக்கு அகப்படாமல் நழுவும்.

பிறகு தவளை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை நெடுநாள் வழக்கில் கிடந்தது. நவம்பரில் அது குளமாகிவிடும். ராத்திரி முழுக்க மாட்டுத் தவளைகள் கச்சேரி. ஊரார் டிசம்பர் சீசனுக்குத் தி. நகர் சபாவுக்குப் போவார்கள், எங்களுக்கு அதற்கு முன்னாலேயே ஒன்று முடிந்திருக்கும். அந்த மனையில் ஒருநாள் கானாங்கோழி ஒன்று குஞ்சுகளோடு நடந்துபோவதைப் பார்த்தேன். வெள்ளை மார்பு, கறுப்பு முதுகு, தூக்கித் தூக்கி வைக்கும் வால். ஏரி ஓரத்துப் பறவை. ஏரி போய் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எங்கள் பேட்டையின் மழைக்கால சந்தோஷங்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி, காணாமல்போன ஏரியின் குடிகள் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அப்போதுதான். தட்டானும் தவளையும் கானாங்கோழியும் மட்டும் இல்லை. கிணற்றை எட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். வற்றாத ஆறு இல்லாத தொண்டை மண்டலம் ஏரிகளால் பிழைத்த நாடு. இரண்டு மாதம் பெய்வதைக் கரை கட்டிப் பிடித்து வருடம் முழுக்கச் செலவு செய்ய வேண்டும். மழைக்காலத்தில் ஊர் பேசிய பேச்சு ஒன்றே ஒன்றுதான். எவ்வளவு நிரம்பியது, கலங்கல் பாய்ந்ததா, கரை நிற்குமா? மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் லயனல் பிளேஸ் என்ற கம்பெனி கலெக்டர், கரை உடையப்போகிறது என்ற ஒரு மழை இரவில், வில்லோடு இருவர் கரையில் காவல் நிற்பதைக் கண்டார், பிறகு தாயார் சன்னதிக்குத் திருப்பணி செய்தார் என்று கதை. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு. ஆனால் மழை ராத்திரியில் ஒரு மனிதன் தூங்காமல் நீரின் உயரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்ற படம் இருக்கிறதே, அது இந்த வட்டாரத்துக்கே உரியது. அப்பா குடையோடு மாடியேறியதும் அந்த வரிசைதான் என்பேன். அவரிடம் சொல்லியிருந்தால், "அவர் கலெக்டர், நான் எல்.டி.சி." என்றிருப்பார்.

1976 நவம்பர் 25. எனக்கு ஒன்பது வயது. முந்தின நாளிலிருந்தே விடாத மழை. அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவானது 45 செ.மீ. டப்பாவின் உயரம் அதில் பாதிகூட இல்லை. அப்பா இரவில் எழுந்து எழுந்து மேலே போனார். நிரம்புவதற்குள் அளந்து, கொட்டிவிட்டு, திரும்ப வைக்க வேண்டும். மூன்றாவது தடவை என்னையும் எழுப்பி டார்ச் பிடிக்கச் சொன்னார். அம்மா திட்டினார். "பிள்ளைக்குச் சளி பிடிச்சா உங்க டப்பாவா பாத்துக்கும்?" அந்த மாடியில், முழங்கால் நடுங்க, டார்ச் வெளிச்சத்தில் மழைக்கம்பிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த ஐந்து நிமிடம்போல என் வாழ்க்கையில் வேறு சில நிமிடங்கள்தான் உண்டு. டைரியில் இப்படி இருக்கிறது: "மூணு தடவை கொட்டியாச்சு. பயல் டார்ச் பிடித்தான்."

45 செ.மீ. என்பது எவ்வளவு என்று பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். சென்னையில் மனையை கிரவுண்டில் பேசுவோம். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. அந்த ஒரு நாளில் ஒவ்வொரு கிரவுண்டின் மேலும் ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் விழுந்திருக்கிறது. ஏரி அதை வாங்கி வைத்துக்கொள்ளும். கிரவுண்டு என்ன செய்யும்? பக்கத்து கிரவுண்டுக்குத் தள்ளிவிடும். அது அதற்கு அடுத்ததற்கு. சரிவு மட்டும் மாறவே இல்லை. மாம்பலம் கால்வாய் இன்றைக்கும் தி. நகரின் ஊடாகப் போய் நந்தனத்தில் அடையாற்றில்தான் விழுகிறது. மழை வந்தால் துரைசாமி சுரங்கப்பாதையிலும் அரங்கநாதன் சுரங்கப்பாதையிலும் தண்ணீர் நிற்பதை மாநகராட்சிக்கு எதிரான வசவாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். நீர் தன் பழைய விலாசத்துக்கு வந்து பார்க்கிறது. ஆள் இல்லை என்று சொல்லிப் பம்பு வைத்து அனுப்புகிறோம்.

எங்கள் வீடு கொஞ்சம் மேடு. முன்னொரு காலத்தில் யாரோ நல்ல இடம் பார்த்துக் கட்டிய வீடு. அதனால் மழையை நாங்கள் பார்ப்பவர்களாக இருந்தோம். இந்த வார்த்தையை இஸ்திரிக்காரர்தான் எனக்குத் திருத்திச் சொன்னார். தெருமுனையில் வேப்பமரத்தடியில் வண்டி போட்டிருப்பவர், முப்பது வருடப் பழக்கம். மழைக்காலத்தில் அவருக்கு வேலை குறையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நேர்மாறு. துணி காயாது, பிள்ளைகளின் யூனிஃபார்மை அரை ஈரத்தோடு கொண்டுவந்து நீட்டுவார்கள். கரிப்பெட்டி பட்டதும் ஆவி பறக்கும். அந்த வாசனை, ஈரப் பருத்தியும் கரியும் சேர்ந்தது, எங்கள் தெருவின் மழை வாசனைகளில் ஒன்று. அவர் வண்டிக்கு மேல் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கி நின்றுகொண்டு நான் ஒருநாள், "என்ன அண்ணே, மழை சுகமா இருக்கில்ல?" என்று கேட்டேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "உங்களுக்கு வர்றது மழை, சார். எங்களுக்கு வர்றது தண்ணி." அவர் வீடு ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றுக்குப் பக்கம். கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடை எப்போது திறக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னார். பிறகு அவரே, "ஆனா ஒண்ணு சார், தண்ணி வடியறப்ப எங்க பசங்க கொசுவலைய வெச்சு மீன் புடிப்பானுங்க பாருங்க, அதுக்கு நீங்க வரணும்" என்றார். அவருக்கும் டைரி உண்டு, எழுதவில்லை அவ்வளவுதான்.

2000களில் மழைச் செய்திக்கு ஒரு முகம் கிடைத்தது. வானிலை மையத்தின் ரமணன் தொலைக்காட்சியில் தோன்றினால் குழந்தைகள் லீவு என்று குதித்தார்கள். அப்பா அவர் பேசும்போது டிவி சத்தத்தைக் கூட்டுவார், மற்ற செய்திக்குக் குறைப்பார். 2003இல் எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னதும் முதல் ஆளாகக் குழாயைக் கிணற்றுக்குத் திருப்பினார். அதற்குப் பிறகு அவருக்கு இன்னொரு சந்தோஷம் சேர்ந்தது. மாடியில் டப்பாவை அளந்துவிட்டுக் கீழே வந்து கிணற்றில் உறைகளை எண்ணுவார். மேலே விழுந்தது கீழே வந்து சேர்ந்ததா என்று சரிபார்ப்பார்.

2015க்கு வருகிறேன். எழுத வேண்டாம் என்று பலமுறை தள்ளிவைத்த இடம் இது. அந்த நவம்பரிலேயே நுங்கம்பாக்கத்தில் 100 செ.மீ.க்கு மேல் பெய்துவிட்டது. நவம்பர் மாதத்தில் அதற்கு முன் அப்படிப் பெய்தது 1918இல். மண்ணில் இனி இடமில்லை என்ற நிலையில் டிசம்பர் 1 வந்தது. அன்று மாலையே தெருவில் முழங்கால் அளவு. இரவு பத்து மணிக்கு, அத்தனை வருடத்தில் முதல்முறையாக, வாசற்படி தாண்டி உள்ளே வந்தது. அரிசி மூட்டை, அம்மாவின் மாத்திரைகள், இன்வெர்ட்டர் பேட்டரி, பத்திரப் பெட்டி என்று ஒவ்வொன்றாக மாடி அறைக்குத் தூக்கிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு 81 வயது. அவரை முதலிலேயே மேலே கட்டிலில் உட்காரவைத்திருந்தேன். நான் ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "டப்பாவப் பாத்தியா? கொட்டிட்டு வெச்சியா?"

நாலாவது தடவை நான் கத்திவிட்டேன். "வீடே முழுகிட்டிருக்கு, டப்பா ஒண்ணுதான் குறைச்சல்!" அவர் அதற்குப் பிறகு பேசவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. எட்டரைக்கு நான் மாடியேறிப் பார்த்தேன். டப்பா விளிம்பு வரை நிரம்பி நின்றது. நிரம்பிய டப்பா எதையும் சொல்லாது. 18 செ.மீ.யும் ஆகலாம், 50உம் ஆகலாம். சரி, பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தலாம் என்றால் அன்றைக்கு பேப்பர் வரவில்லை. 1878இலிருந்து வந்துகொண்டிருந்த 'தி இந்து' அன்று சென்னையில் அச்சாகவே இல்லை. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை. நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. என்பதெல்லாம் எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள், அடையாறு ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது என்பதும் அப்படித்தான். அப்பா அன்றைய தேதியில் நடுங்கும் கையால் ஒரே சொல் எழுதினார். "வழிந்தது."

இஸ்திரிக்காரர் பதினோரு நாள் கழித்து வந்தார். வண்டியின் தட்டி மட்டும் இருந்தது, பெட்டி போய்விட்டது. வீட்டில் மனைவியின் தையல் மெஷினும் போய்விட்டது. தண்ணீர் வந்தது நள்ளிரவுக்கு மேல் என்றார். "எவ்ளோ வரும்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெஷினையாவது தூக்கிப் போட்டிருப்பேன், சார்." நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் மாடியில் அளக்கும் டப்பா இருந்ததையும், அதை அந்த ராத்திரி யாரும் பார்க்காததையும் அவரிடம் எப்படிச் சொல்வது?

அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த டைரிகளை நான் தூக்க மறந்திருந்தேன். நாற்பத்தேழு டைரி. மொட்டை மாடியில் விரித்துக் காயவைத்தோம். அப்பா வீட்டுக் கணக்கை மைப்பேனாவில் எழுதுவார். பால், மளிகை, ஸ்கூல் ஃபீஸ், யாருக்கோ கொடுத்த கைமாற்று, எல்லாம் நீல மேகமாகக் கரைந்து போயிருந்தது. மழைக்கணக்கை மட்டும் பென்சிலில் எழுதியிருந்தார். நனைந்த கையோடு மாடியிலேயே எழுதுவதால் மை ஓடிவிடும் என்பது காரணம். பென்சில் அழியவில்லை. ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரித்தால் நீலக் கறைக்கு நடுவே சாம்பல் நிறத்தில் எண்களும் அந்த ஒற்றை வரிகளும். "தட்டான் வந்தாச்சு." "பயல் டார்ச் பிடித்தான்."

அப்பா 2017 கோடையில் போனார். அந்த வருடம் நான் டப்பா வைக்கவில்லை. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றபோது, கிணற்றில் கடைசி உறைக்குக் கீழே காய்ந்த சேற்றைப் பார்த்துவிட்டு வந்து அலமாரியில் டப்பாவைத் தேடினேன். பழசு துருப்பிடித்து அடி விட்டிருந்தது. பேத்தியின் பால்பவுடர் டப்பா இருந்தது. இப்போதைய டப்பாக்களின் அடி கொஞ்சம் உள்வாங்கி இருக்கிறது. மெழுகு ஊற்றிச் சமன் செய்தேன்.

இப்போது அக்டோபரில் தட்டான் வருகிறது, முன்போல் அவ்வளவு இல்லை. தவளைக் கச்சேரி நடந்த மனையில் வழக்கு முடிந்து நாலு மாடி வந்துவிட்டது. மரமல்லி ஒன்று மிச்சம். நவம்பர் விடியலில் அதன் அடியில் ஈரத் தார்ச்சாலையில் நீளக் காம்போடு வெள்ளைப் பூக்கள் விழுந்து கிடக்கும்போது, தூய்மைப் பணியாளர் அம்மா அந்தப் பக்கத்தைக் கடைசியில்தான் பெருக்குவார். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சாயங்காலம் வேர்க்கடலை வண்டிக்காரர் மணல் சட்டியில் கரண்டியைத் தட்டிக்கொண்டு போவார். கார்த்திகை தீபத்தன்று தூறல் போட்டால் அகல்களை வாசலிலிருந்து திண்ணைக்கும் திண்ணையிலிருந்து ஜன்னலுக்கும் நகர்த்துவோம். பொங்கல் நெருங்கும்போது இஸ்திரிக்காரர் வண்டியில் பனங்கிழங்குக் கட்டு ஒன்று எனக்கென்று இருக்கும். காசு வாங்க மாட்டார், யூனிஃபார்மில் கழித்துக்கொள்கிறேன் என்பார். எங்கள் வீட்டில் யூனிஃபார்ம் போடும் வயதில் யாருமில்லை.

2021 நவம்பர் 6, சனிக்கிழமை ராத்திரி. பதினொன்றரை மணிக்கு மேல் சத்தம் மாறியது. வேறு மாதிரி மழை. நான் குடையை எடுத்துக்கொண்டு மேலே போனேன். டப்பாவில் பாதிக்குக் கொஞ்சம் கீழே. அளந்து, பென்சிலில் எழுதி, கொட்டிவிட்டு, நிமிர்த்தி வைத்தேன். ஒரு மணிக்கு மறுபடி போய்விட்டு இறங்கும்போது போன் அடித்தது.

"சார், தூங்கிட்டீங்களா?"

"இல்ல அண்ணே. இப்பதான் மாடியிலேருந்து வர்றேன்."

"எவ்ளோ?"

சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அவர் வாயிலிருந்து போனை விலக்கிக்கொண்டு யாரையோ கூப்பிடுவது கேட்டது. "ஏய், எந்திரி. மெஷின அந்தப் பக்கம் புடி."